34 மீட்டரில் 78 பார்: எரிமலைத் தீவு டைவ் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இதில் வரும் ஆறு பேர் கொண்ட குழு ஒரு மாதிரிக் குழு. குளச்சல், களியக்காவிளை, பாறசாலை, விழிஞ்ஞம் என்று தமிழக-கேரள எல்லைக்கு இரு பக்கமும் இருந்து சேர்ந்து போகிறவர்களிடம் திரும்பத் திரும்பத் தெரியும் குறைகளை ஒரே டைவில் அடுக்கி, பயிற்சிக்காகக் கட்டிய நிகழ்வு இது. தீவு, தூரம், காற்றுக் கணக்கு, முதலுதவி எல்லாம் உள்ளபடியே.

ஆறு பேரிடமும் ஸ்கூபா டைவிங்கின் அட்வான்ஸ்டு சான்று கார்டு இருக்கிறது. 30 மீட்டர் வரை இறங்க அது போதும். பதிவேட்டில் ஆளுக்கு 25 முதல் 60 டைவ் வரை. ஆனால் அதில் பெரும்பகுதி கோவளம், விழிஞ்ஞம் பாறைகளில் இறங்கியது: ஆழம் குறைவு, கலங்கல் தண்ணீர், காலுக்குக் கீழே எப்போதும் தரை. மூன்று பேர் கடைசியாகத் தண்ணீரில் இறங்கி எட்டு மாதம் ஆகிவிட்டது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் பக்கம் டைவ் கிடையாது, அது ஓய்ந்த பிறகும் இவர்களுக்கு நேரம் வாய்க்கவில்லை. போகும் இடம் பாரன் தீவு.

பாரன் தீவு போர்ட் பிளேரிலிருந்து, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, வடகிழக்கே சுமார் 138 கிலோமீட்டர். இந்தியாவில் இப்போதும் புகைந்துகொண்டிருக்கும் ஒரே எரிமலை. 1787-இல் முதல் வெடிப்பு பதிவானது. பிறகு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்து 1991-இல் மறுபடி எழுந்தது, 2025 செப்டம்பரிலும் சீறியது. வெளியே தெரியும் உச்சி 350 மீட்டர் சொச்சம். கடலடியிலிருந்து அளந்தால் 2,000 மீட்டருக்கு மேல். டைவருக்கு முக்கியமான எண் இந்த இரண்டாவதுதான். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளினாலே சரிவுக்குக் கீழே நாம் எட்டக்கூடிய தரை என்று ஒன்றும் இல்லை. தீவில் கால் வைக்க அனுமதி கிடையாது. தீவு வனவிலங்குச் சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதி வாங்கிய படகில், தங்கியபடியே டைவ் செய்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

அன்று நடந்தது

இரவு முழுக்கப் பயணம். இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். காலை 6.30-க்கு முதல் டைவ், 28 மீட்டர், 40 நிமிடம், குறை ஒன்றும் இல்லை. அந்தமானில் சூரியன் ஐந்து மணி வாக்கிலேயே எழுந்துவிடும், அதனால் இந்த நேரம் அங்கே சீக்கிரம் அல்ல. இரண்டாவது டைவ் 9.45-க்கு. பழைய லாவா ஓடை கடலுக்குள் இறங்கிச் சுவராக நிற்கும் இடம். திட்டம்: அதிகபட்சம் 25 மீட்டர், 100 பாரில் திரும்புவது (பார் என்பது அழுத்த அளவு, டேங்கில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும்; முழு டேங்க் 200). ஆறு பேருக்கு ஒரு கைடு. அவர் அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். இறங்குமுன் சொன்னார்: "அண்ணே, கீழ தரை வரும்னு காத்திருக்காதீங்க. இங்க வராது. கையில இருக்கிற கம்ப்யூட்டர்தான் தரை." ஆழமும் நேரமும் காட்டும், மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரைச் சொன்னார்.

இரண்டாம் ஜோடியில் ஒருவர் குளச்சல் பக்கத்துச் சிப்பிக்காரர். சின்ன வயதிலிருந்து மூச்சடக்கிப் பாறையில் சிப்பி எடுத்தவர். இன்னொருவர் பாறசாலையில் வங்கி ஊழியர். ஐந்தாவது நிமிடத்தில் இருவரும் 24 மீட்டர். ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு மான்டா திருக்கை சுவரை ஒட்டிக் கீழ்நோக்கிச் சரிந்து போனது. சிப்பிக்காரர் பின்னால் போனார். கூட்டாளியைத் தனியே விடக்கூடாது என்று வங்கி ஊழியரும் போனார். கைடு டேங்கைத் தட்டினார், இருவருக்கும் கேட்கவில்லை. பதின்மூன்றாவது நிமிடத்தில் சிப்பிக்காரர் 36 மீட்டர், கேஜில் (டேங்கின் அழுத்தமானியில்) 143 பார். வங்கி ஊழியர் 34 மீட்டர், கேஜில் 78 பார்.

78-ஐப் பார்த்ததும் வங்கி ஊழியர் ஏறத் தொடங்கினார். 20 மீட்டர் வரை நிதானமாக வந்தவர், அதற்கு மேல் கட்டுப்பாடு இழந்து, நாற்பது விநாடியில் 5 மீட்டரைத் தொட்டு, நிற்க முடியாமல் மேலே வந்துவிட்டார். 5 மீட்டரில் நின்று, உடலில் சேர்ந்த நைட்ரஜனை வெளியேற்றும் மூன்று நிமிட சேஃப்டி ஸ்டாப் நடக்கவில்லை. அப்போது மணி 10.

11.10-க்கு இடது தோளில் வலி. "ஒண்ணும் இல்லண்ணே, டேங்க் தூக்கினதுதான்" என்றார். 11.50-க்கு இரண்டு விரல்கள் மரத்தன. கைடிடம் சொன்னது 12.30-க்கு.

காற்றுக் கணக்கு

டேங்க் வழக்கமான 11.1 லிட்டர் அலுமினியம், 200 பார் நிரப்பு. ஏறக்குறைய 2,220 லிட்டர் காற்று. வங்கி ஊழியர் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுத்தார். ஆழத்தில் அழுத்தம் எத்தனை பாரோ அத்தனை மடங்கு காற்று செலவாகும். பதற்றமும் நீண்ட இடைவெளியும் சேர்ந்தால் 30 ஒன்றும் அதிசயம் இல்லை. இறங்கும் ஐந்து நிமிடம், சராசரி அழுத்தம் 2.2 பார்: 330 லிட்டர், அதாவது 30 பார். 24 மீட்டரில் நான்கு நிமிடம், அழுத்தம் 3.4: 408 லிட்டர், 37 பார். பிறகு திருக்கைக்குப் பின்னால் வேகமாக ஃபின் (கால் துடுப்பு) அடித்த நான்கு நிமிடம். மூச்சு 39.5 லிட்டராக ஏறியது, சராசரி அழுத்தம் 3.9: 616 லிட்டர், 55 பார். மிச்சம் 78. கேஜில் கோளாறு இல்லை, டேங்கில் கசிவு இல்லை. கணக்கு அப்படியே சரியாக வருகிறது.

"50 பாரோடு படகுக்கு வா" என்பதை எல்லோரும் படித்திருக்கிறார்கள். ஆழத்திலிருந்து எப்போது கிளம்ப வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. 30 மீட்டரில் கூட்டாளியின் ரெகுலேட்டர் (டேங்கிலிருந்து மூச்சுக்குக் காற்று தரும் கருவி) கைவிட்டால், ஒரே டேங்கில் இருவர் மேலே வர எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். பதறிய இருவர், ஆளுக்கு 30 லிட்டர், சேர்த்து 60. சிக்கலைத் தீர்க்க ஒரு நிமிடம், 4 பாரில்: 240 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற நான்கு நிமிடம், சராசரி 2.5 பாரில்: 600 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிடம், 1.5 பாரில்: 270 லிட்டர். மொத்தம் 1,110 லிட்டர். 11.1-ஆல் வகுத்தால் சரியாக 100 பார்.

ஆக 30 மீட்டரில் 100 பார் என்பது திரும்பும் புள்ளி மட்டும் அல்ல, அதற்குக் கீழே அங்கே இருக்கவே கூடாது. இதே கணக்கை 18 மீட்டருக்குப் போட்டால் 60 பார் போதும். நம் பக்கத்து ஆழத்தில் 50 பார் பழக்கம் யாரையும் தண்டிக்காததற்கு இதுதான் காரணம். அந்தப் பழக்கத்தை 34 மீட்டருக்குக் கொண்டுபோனபோது, 78 பாரில் அவர் தனியாக வந்துசேரலாம், இன்னொருவரைக் கூட்டிவர முடியாது.

சிப்பிக்காரரின் 143 பார் இங்கே ஏமாற்றும் எண். மூச்சை இழுத்து நிறுத்தி வைப்பது அவருக்குக் கைவந்த கலை. ஸ்கூபாவில் அதே பழக்கம் கேஜை அழகாகக் காட்டும், இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைச் சேர்க்கும். அது தலைவலி தரும், 30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜன் மயக்கத்தையும் (ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மந்தமாக்குவது) கூட்டும். மயக்கத்தில் இருப்பவருக்கு மயக்கம் தெரியாது, திருக்கை மட்டும்தான் தெரியும். ஏறும்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும் என்பது முதல் வகுப்பிலேயே வரும் பாடம். ஆனாலும் மூச்சடக்கிப் பழகியவர்களிடம் அதை ஒவ்வொரு பயணத்திலும் மறுபடி சொல்லியே ஆக வேண்டும். ஒரு ஜோடியின் காற்று என்பது இருவரில் குறைவாக வைத்திருப்பவரின் காற்று. 143-ஐ வைத்து அந்த ஜோடி முடிவெடுத்தது, எடுக்க வேண்டியது 78-ஐ வைத்து.

நான்கு கிலோ ஈயம்

வங்கி ஊழியர் கட்டியிருந்தது 10 கிலோ. 3 மில்லிமீட்டர் உடையோடு அவருக்குத் தேவை 6 கிலோ. கூடுதல் நான்கும் எங்கிருந்து வந்தது? கற்ற இடத்திலிருந்துதான். ஆழம் குறைந்த, அலைமோதும் பாறையில் மாணவர் மிதந்து போகாமல் இருக்கப் பயிற்சியாளர் ஈயத்தைக் கூட்டிக் கட்டுவார். அங்கே அது நியாயம். மாணவர் அந்த எண்ணைத் தன் எடையாகவே மனப்பாடம் செய்துகொள்வதில்தான் வினை.

நான்கு கிலோ கூடுதல் என்றால், மிதப்பைச் சரிசெய்யக் காற்று நிரப்பும் உடுப்பான பி.சி.டி.யில் நான்கு லிட்டர் கூடுதல் காற்று. 34 மீட்டரில் அழுத்தம் 4.4 பார், 5 மீட்டரில் 1.5 பார். அங்கே 4 லிட்டராக இருந்தது, வெளியேற்றாமல் வந்தால் இங்கே 11.7 லிட்டர். ஏழரை கிலோவுக்கு மேல் கூடுதல் தூக்கு. அதிலும் கடைசி 10 மீட்டரில்தான் காற்று வேகமாக விரியும். போதாததற்கு, 200 பாரிலிருந்து 50 பாருக்கு வரும்போது அலுமினிய டேங்க் தானே சுமார் இரண்டு கிலோ லேசாகிவிடும். அவர் 20 மீட்டரில் கட்டுப்பாடு இழந்தது பயத்தால் மட்டும் அல்ல. பயம் இல்லாதவரும் அந்த நிலையில் மேலே போயிருப்பார்.

எடைச் சோதனை டைவின் முடிவில் செய்ய வேண்டியது. டேங்கில் 50 பார், ஆழம் 5 மீட்டர், பி.சி.டி. காலி, இயல்பான மூச்சு. அப்படியே நிற்க முடிந்தால் எடை சரி. மூழ்கினால் ஒரு கிலோ கழற்றுங்கள், மறுபடி பாருங்கள். முழு டேங்கோடு மேற்பரப்பில் பார்க்கும் சோதனையை மட்டும் நம்புகிறவர், காலியாகும் டேங்குக்காக இரண்டு கிலோ கூட்டிக் கணக்கிட வேண்டும்.

எரிமலைச் சுவரில் மட்டும் வரும் சங்கதிகள்

கறுப்புப் பாறை வெளிச்சத்தைத் திருப்பித் தராது, தண்ணீரோ 30 மீட்டர் தூரம் தெளிவாகத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் கண் ஆழத்தைத் தவறாகத்தான் சொல்லும். வெள்ளை மணலும் கலங்கலும் பார்த்துப் பழகிய நமக்கு, கலங்கல் கூடினால் ஆழம் கூடியது என்று உள்ளுக்குள் ஒரு அளவுகோல் இருக்கும். பாரனில் அந்த அளவுகோல் செத்துவிடும். 24-உம் 36-உம் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். சரிவில் தேங்கிய எரிமலைச் சாம்பல் மணல் ஒரு ஃபின் அடியில் எழுந்து கூட்டாளியை மறைத்துவிடும். லாவா முனை கண்ணாடிச் சில்லு போல வெட்டும் என்பதால் பிடித்து நிற்கவும் யோசிக்க வேண்டும்.

அந்தமான் கடலின் உள்ளலைகள் இன்னொரு சங்கதி. மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீருக்கும் கீழ்மட்டத்துக் குளிர்நீருக்கும் இடையே பல பத்து மீட்டர் உயரத்துக்கு எழும் அலைகள் இவை. மேலே நீளமான கொந்தளிப்புப் பட்டைகளாக மட்டும் தெரியும். அப்படி ஒரு பட்டை தீவை நோக்கி வருவதைப் படகிலிருந்து பார்த்தால் இறங்காமல் காத்திருப்பதே நல்லது. சுவரில் திடீரென்று குளிர்ந்தாலோ, மூச்சுக் குமிழிகள் மேலே போகாமல் பக்கவாட்டிலோ கீழோ ஓடினாலோ, நீவாடு (நீரோட்டம்) கீழே இழுக்கிறது என்று பொருள். அதை எதிர்த்து நேராக மேலே நீந்திக் காற்றைத் தீர்க்கக் கூடாது. சுவரை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்வாக நீந்தி இழுப்பிலிருந்து விலகி, பிறகு ஏற வேண்டும்.

கம்ப்ரசரை யாரும் கவனிப்பதில்லை. படகிலேயே டேங்க் நிரப்புகிறார்கள். காற்று இழுக்கும் குழாய் எஞ்சின் புகைக்கும் எரிமலைப் புகைக்கும் காற்று வரும் பக்கத்தில் இருக்க வேண்டும். தீவின் காற்று மறைவில் நங்கூரம் போட்டால் அலை குறையும், கந்தக வாடை கூடும். மூக்குக்கு வாடை தெரிகிறதென்றால் நிரப்புவதை நிறுத்திவிட்டுப் படகை நகர்த்தச் சொல்லுங்கள். காற்று திரும்பும் நேரத்தை முன்கூட்டியே பார்த்து நிரப்புகிற படகோட்டிகளும் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிப் போவது வீண் போகாது.

நைட்ராக்ஸ் 32 (32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள கலவை) எடுத்திருந்தால் நடந்திருக்காதா என்று கேட்பார்கள். நைட்ரஜன் சுமை குறைந்திருக்கும். ஆனால் ஆக்சிஜன் அழுத்தம் 1.4 என்று வைத்தால் 32-இன் எல்லை 34 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 36 மீட்டரில் அது 1.47. திருக்கைக்குப் பின்னால் போகிறவருக்கு அது வேறொரு ஆபத்து.

ஆக்சிஜன் எத்தனை சிலிண்டர்

இந்த நிகழ்வில் மிகப் பெரிய குறை தண்ணீருக்குள் இல்லை, படகின் பின்தளத்தில் இருந்தது. மூன்று நிமிட ஸ்டாப் தவறியது மட்டும் அவசர நிலை ஆகாது. ஆனால் வேகமாக ஏறியது, அன்றைய இரண்டாவது டைவ், இரவு முழுக்க வாந்தியில் உடல் வறண்டது, இவற்றோடு தோள்வலியும் மரத்த விரலும் சேர்ந்தால் அழுத்தநோய் (உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகும் நோய்) என்றே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். கம்ப்யூட்டர் எச்சரிக்கவில்லை என்பது ஆறுதல் ஆகாது. எல்லைக்குள் டைவ் செய்தவருக்கும் இது வரும்.

12.35-க்கு முகமூடியில் ஆக்சிஜன், நிமிடத்துக்கு 15 லிட்டர். படுக்க வைத்தல், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். வலி மாத்திரை இல்லை, ஏனென்றால் அறிகுறியை மறைத்துவிடும். மறுபடி தண்ணீரில் இறக்கி ஸ்டாப்பை முடித்துவிடலாம் என்று யாரோ ஒருவர் நிச்சயம் யோசனை சொல்வார். கூடாது. இவை எல்லாம் ஒழுங்காகவே நடந்தன.

படகில் இருந்தவை 1,500 லிட்டர் கொள்ளும் பி-டைப் சிலிண்டர் இரண்டு. ஒன்று 100 நிமிடம் வரும், இரண்டும் 200 நிமிடம். 15.55-க்குத் தீர்ந்தது. படகின் வேகம் 8 நாட், மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவு. 138 கிலோமீட்டருக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல். 12.50-க்குக் கிளம்பிய படகு துறைமுகம் சேர்ந்தது இரவு 10.10. நடுவில் ஆறே கால் மணி நேரம் அவர் வெறும் காற்றைத்தான் சுவாசித்தார். விரல் மரப்பு குறைந்திருந்தது, மறுபடி கூடியது.

தேவை 575 நிமிடம். 15-ஆல் பெருக்கினால் 8,625 லிட்டர், ஏறத்தாழ ஆறு சிலிண்டர். ஒன்று உபரி என்று ஏழு வைக்க வேண்டும். இழுக்கும்போது மட்டும் தரும் டிமாண்ட் வால்வு இருந்தால் செலவு குறையும், ஆனாலும் கணக்கை 15-க்கே போடுங்கள். படகை முன்பதிவு செய்யும்போது "ஆக்சிஜன் இருக்கா" என்று கேட்டால் எல்லாரும் "இருக்கு" என்பார்கள். எத்தனை சிலிண்டர், ஒவ்வொன்றும் எத்தனை லிட்டர், கடைசியாக எப்போது நிரப்பியது என்று கேளுங்கள். எண் சொல்லத் தயங்கும் படகு வேண்டாம்.

தொடர்பும் அதே மாதிரி. பாரனில் செல்போன் எடுக்காது. கடலோரக் காவல்படையின் 1554 எண் அங்கே பயன்படாது. வி.எச்.எஃப். 16-ஆம் சேனலும் 138 கிலோமீட்டர் எட்டாது. ஒகி புயலுக்குப் பிறகு, கரை வயர்லெஸ் எவ்வளவு தூரம் கேட்கும் என்று தூத்தூர் முதல் விழிஞ்ஞம் வரை யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. உரிமம் உள்ள சாட்டிலைட் போன், அல்லது நெடுந்தூர ரேடியோ, கூடவே அவசர சமிக்ஞைக் கருவி. சாட்டிலைட் போனை நாமே பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். படகின் பெயரில் இருக்க வேண்டும்.

அழுத்தநோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை போர்ட் பிளேரில் கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது. அதற்கு ஒன்பது மணி நேரத் தொலைவில் டைவ் செய்யும்போது, கார்டில் எழுதிய ஆழம் எல்லை ஆகாது. எங்கள் கணக்கில் பாரனில் 25 மீட்டர்தான் உச்சம், ஆறு மாதமாக இறங்காதவருக்கு 18. இதைச் சொன்னால் "இவ்வளவு செலவழிச்சு வந்து 18 மீட்டரா" என்று முகம் சுளிப்பவர் உண்டு. மான்டா 12 மீட்டரிலும் வரும்.

அடுத்த குழுவுக்கு மாற்றியவை

பாரனுக்குக் கிளம்புமுன் ஸ்வராஜ் த்வீப் (பழைய ஹேவ்லாக் தீவு) பக்கம் ஒரு நாள் ஆழம் குறைந்த சோதனை டைவ். அதில் எடைச் சோதனையோடு, 10 மீட்டரில் பத்து நிமிடம் சமமட்டத்தில் நீந்தி, கேஜ் எவ்வளவு இறங்கியது என்று ஒவ்வொருவரும் எழுதுகிறார்கள். 36 பார் இறங்கினால்: 36-ஐ 11.1-ஆல் பெருக்கி, பத்து நிமிடத்தால் வகுத்து, 2 பாரால் வகுத்தால் நிமிடத்துக்கு 20 லிட்டர். இந்த எண்ணை வைத்து ஜோடி சேர்க்கிறோம், நட்பை வைத்து அல்ல. 14 லிட்டர்காரரையும் 30 லிட்டர்காரரையும் சேர்த்தால் ஒருவர் சலிப்பார், மற்றவர் துரத்துவார்.

ஆறு பேருக்கு இரண்டு கைடு. ஒருவர் முன்னால் வழிகாட்ட, இன்னொருவர் எல்லாருக்கும் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் நிற்கிறார். அவரைத் தாண்டி யாரும் இறங்கக்கூடாது. 120 பாரில் கைடுக்குச் சைகை, 100-இல் ஜோடியோடு ஏற்றம். ஒவ்வொரு ஜோடியிடமும் ஒரு சிக்னல் மிதவையும் ரீலும். அதை நீருக்குள்ளிருந்து விடத் தெரியாதவர் சோதனை டைவில் கற்ற பிறகே பாரன் வருகிறார்.

ஒவ்வொரு டைவுக்கும் ஒரு மணி நேரம் கழித்துக் கைடு ஆளாளிடம் போய்க் கேட்கிறார்: வலி எங்காவது, மரப்பு, அசாதாரணக் களைப்பு? கண் மூடி நிற்கச் சொல்கிறார், இரண்டு கையிலும் பிடியின் பலம் பார்க்கிறார். "டேங்க் தூக்கினதுதான்" என்ற பதிலை அவர் குறித்துக்கொள்கிறார், நம்புவதில்லை.

விமான டிக்கெட்டில்தான் இன்னும் தகராறு. பல நாள் டைவுக்குப் பிறகு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். திரும்பும் கடல் பயணம் அந்த 18-இல் சேரும், ஏனென்றால் அது கடல்மட்டத்தில்தான். கடைசி டைவ் ஞாயிறு பகல் 12-க்கு முடிந்தால், திங்கள் காலை 6-க்கு முன் சென்னை விமானம் கூடாது. திங்கள் காலை திருவனந்தபுரத்தில் வேலைக்குப் போக வேண்டியவர் சனிக்கிழமையோடு டைவை நிறுத்திக்கொள்ள வேண்டும். அழுத்த அறையில் சிகிச்சை எடுத்தவர் விஷயத்தில் இந்த 18-ஐ எடுத்துப் பேசவே கூடாது. அவர் எப்போது பறக்கலாம், மறுபடி டைவ் செய்யலாமா என்பதை டைவிங் மருத்துவர் எழுதித்தர வேண்டும், அதுவரை அறை வாடகைக்கும் டிக்கெட் மாற்றவும் கையில் பணம் வேண்டும். காப்பீடு எடுக்கும்போது அழுத்த அறைச் செலவு அதில் அடங்குமா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபாவை விலக்கியோ ஆழ வரம்பு போட்டோ வைத்திருப்பார்கள்.